கிட் பதிப்பை உயர்த்தியபின் ஏதேனும் உடைந்தால்: காரணமான கமிட்டைக் கண்டுபிடித்துத் தெரிவிக்கும் முறை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் ஒன் நார்த் வட்டாரத்தில் நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில், கமிட் செய்வதற்கு (நிரலில் செய்த மாற்றத்தைக் கிட்டில் பதிவதற்கு) முன் தானாக ஓட வேண்டிய சோதனை ஒரு வாரமாக ஓடவே இல்லை என்பது தெரியவந்தது. எவரும் அதை நிறுத்தவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. அந்த வாரத்தில் நடந்த ஒரே மாற்றம், நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளை எங்கள் கணினிகளில் 2.36 பதிப்புக்கு உயர்த்தியதுதான். தொழிலாளர் தினமும் நோன்புப் பெருநாளும் சேர்ந்து வந்த அந்த நான்கு நாள் விடுமுறை முழுவதையும் நான் கணினிக்கு முன்னால் கழித்தேன். முறை தெரிந்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். இப்போது வேலைக்குச் சேர்ந்து, "இதை நீங்கள் பாருங்கள்" என்று இத்தகைய சிக்கல் ஒப்படைக்கப்பட்டிருக்கும் ஒருவருக்கு அந்த நான்கு நாள் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நேற்றுவரை சரியாக இயங்கிய ஒன்று, புதிய பதிப்பில், நாம் எதையும் தொடாமலே உடைவதைப் பின்னடைவுப் பிழை என்று இங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில்) இடும்போது ஆங்கில எழுத்தில், சிற்றெழுத்தில் இடவும். சூழல் மாறிகளையும் 'மேக்' அமைப்புகளையும் மட்டும் பேரெழுத்தில் இடவும். கிட் கட்டளைகளை ஓரளவு அன்றாடம் பயன்படுத்துபவராக இருந்தால் போதும். கிட் எழுதப்பட்டிருக்கும் சி மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. உடைந்ததா, வேண்டுமென்றே மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான், நானும் தவறவிட்டேன். கிட் மூலநிரலின் ஆவணத் தொகுப்பில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வெளியீட்டுக் குறிப்பு உண்டு. உங்கள் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையே உள்ள எல்லாக் குறிப்புகளையும், இடையில் வந்த சிறு திருத்தப் பதிப்புகளின் குறிப்புகள் உட்பட, படியுங்கள்.

சில மாற்றங்கள் உடைவுபோலத் தோன்றினாலும் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டவை. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு, வேறொரு பயனருக்குச் சொந்தமான கோப்புறையில் உள்ள களஞ்சியத்தில் (கிட் வரலாறு வைத்திருக்கும் கோப்புத் தொகுப்பில்) வேலை செய்ய மறுத்தது. நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பொதுக் கட்டுமான இயந்திரங்களிலும் மென்பொருள் கன்டெய்னர்களிலும் அன்று வேலை நின்றது. அது பிழையன்று. நம்பகமான கோப்புறைகளை 'சேஃப் டைரக்டரி' அமைப்பில் குறிப்பிட வேண்டும் என்பதே அதற்கு விடை. அதை ஒரு பின்னடைவுப் பிழையாகக் கருதித் தேடத் தொடங்கினால், தேடல் உங்களைச் சரியான கமிட்டிடம் கொண்டு சேர்க்கும். ஆனால் அந்தக் கமிட்டைத் திரும்பப் பெறுமாறு நீங்கள் எவரிடமும் கேட்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 மே மாதத்தில் வந்த 2.45.1, பாதுகாப்பை இறுக்குவதற்காகச் சேர்த்த கூடுதல் தடைகளால், பெரிய கோப்புகளுக்காகப் பலரும் பயன்படுத்தும் கிட் எல்எஃப்எஸ் இருந்த இடங்களில் குளோன் செய்வதையே (களஞ்சியத்தைப் படியெடுப்பதையே) நிறுத்திவிட்டது. அந்தக் கூடுதல் தடைகள் அதே மாத இறுதியில் வந்த 2.45.2 பதிப்பில் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே ஒரு மாற்றம் பாதுகாப்புக்கென்று செய்யப்பட்டது என்பதாலேயே அதன் விளைவுகள் எல்லாம் விரும்பிச் செய்யப்பட்டவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் பதிப்புக்கு அடுத்து வந்த திருத்தப் பதிப்பின் குறிப்பையும் பார்த்துவிடுங்கள். உங்கள் சிக்கல் அதில் ஏற்கெனவே தீர்ந்திருக்கக்கூடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 'கிட் ஸ்டேட்டஸ்' இட்டால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாகப் பின்சாய்கோட்டுடன் 340, 256 என்று எண்கள் வரிசையாகத் தெரிவது பழைய, இயல்பான நடத்தை. 'கோர் குவோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் எழுத்துகள் தெரியும். புதிய கணினியில் அந்த அமைப்பை இட மறந்துவிட்டு, புதிய பதிப்பு தமிழை உடைத்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரு துண்டுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிக்கும் லினக்ஸ் இயந்திரத்துக்கும் இடையே போய்வரும் களஞ்சியத்தில் 'கோப்பு' என்னும் பெயர் இரண்டு வேறு கோப்புகளாகத் தோன்றினால், முதலில் 'கோர் பிரீகம்போஸ் யூனிகோட்' அமைப்பைப் பாருங்கள்.

2. எந்தக் கிட் ஓடுகிறது என்று உறுதி செய்து, எழுதி வையுங்கள்

ஒரே கணினியில் இரண்டு, மூன்று கிட் இருப்பது சாதாரணம். மேக் கணினியில் ஆப்பிள் தரும் கிட் ஒன்று, ஹோம்புரூ என்னும் மென்பொருள் நிறுவி வழியாக நிறுவியது மற்றொன்று. சில நிரல் எழுதும் செயலிகள் தமக்கென்று தனியே ஒன்றை வைத்திருக்கும். முனையத்தில் சரியாக ஓடுவது செயலிக்குள் உடைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 'விச்' கட்டளையை 'ஏ' விருப்பத்துடன் இட்டால் எத்தனை கிட் இருக்கின்றன என்று தெரியும். விண்டோஸ் கணினி என்றால், கிட் ஃபார் விண்டோஸ் தனித் திட்டமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கு மட்டுமே நேரும் பிழையை அவர்களுடைய பக்கத்தில்தான் பதிய வேண்டும்.

பிறகு பின்வருவனவற்றை ஓர் உரைக்கோப்பில் சேகரியுங்கள்: 'கிட் வெர்ஷன்' கட்டளையை 'பில்ட் ஆப்ஷன்ஸ்' விருப்பத்துடன் இட்டால் வருவது, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், 'கிட் கான்ஃபிக்' கட்டளையை 'லிஸ்ட்', 'ஷோ ஒரிஜின்' ஆகிய விருப்பங்களுடன் இட்டால் வருவது, கடைசியாகச் சரியாக இயங்கிய பதிப்பு எது என்பது. இவற்றில் கடைசியானது மிக முக்கியமானது. நினைவிலிருந்து எழுத வேண்டாம். உபுண்டு, டெபியன் இயந்திரங்களில் தொகுப்பு நிறுவியின் பதிவுக்கோப்பில் எந்தத் தேதியில் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு உயர்ந்தது என்று இருக்கும். நான் 2.34 என்று நினைத்திருந்தேன். பதிவைப் பார்த்தால் 2.35.

சிங்கப்பூரில் அலுவலக வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அமைப்புப் பட்டியலில் நிறுவனத்தின் உள் சேவையக முகவரிகளும், சில வேளைகளில் அணுக்கச் சாவிகளும் இருக்கும்; கமிட் பதிவுகளில் சக ஊழியர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். வேலை ஒப்பந்தத்தில் உள்ள இரகசியக் காப்பு விதி ஒருபுறம், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மறுபுறம். ஆகவே இந்தக் கோப்பு உங்களுக்கு மட்டுமே. வெளியே போவது அடுத்த படியில் நீங்கள் உருவாக்கப்போகும் சிறு சோதனை மட்டும். இருந்தாலும் மேலாளருக்கு ஒரு வரி மின்னஞ்சல் எழுதி, கிட் திட்டத்துக்குப் பொதுவெளியில் பிழை தெரிவிக்கப் போகிறேன், நிறுவன நிரல் எதுவும் அதில் இராது என்று சொல்லி ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த ஒப்புதலுக்கு இரண்டு வேலைநாள் ஆயிற்று. எனவே இதை முதல் நாளே கேட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் மற்றப் படிகளைச் செய்வது நல்லது.

3. பிழையை வெறுமையான களஞ்சியத்தில் நிகழ்த்திக் காட்டுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். இது சரியாக அமைந்துவிட்டால் மீதி எல்லாம் இயந்திரம் செய்யும் வேலை. இது அமையாவிட்டால் அடுத்த படிகள் எல்லாம் உங்களைத் தவறான கமிட்டிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

நோக்கம் இதுதான்: எவர் கணினியிலும், எந்தப் பின்னணியும் இல்லாமல், ஒரே ஷெல் ஸ்கிரிப்ட்டை (முனையக் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) ஓட்டினால் பிழை இருந்தால் ஒன்று என்றும் இல்லாவிட்டால் சுழியம் என்றும் முடிவு தர வேண்டும். எங்கள் சிக்கலை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ப்ரீ-கமிட் ஹூக், அதாவது கமிட்டுக்கு முன் கிட் தானாக ஓட்டும் சோதனை நிரல், தன் வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று பார்க்கும். போகவில்லை என்றால் தன்னை ஒரு தானியங்கி இயந்திரம் ஓட்டுகிறது என்று கருதிச் சோதனைகளைத் தவிர்த்துவிடும். அந்த ஹூக்கில் முந்நூறு வரிக்கு மேல் இருந்தது. பைத்தான், நிற அமைப்பு, கோப்புப் பட்டியல் என்று எல்லாம் கலந்திருந்தன. நான் முதல் இரண்டு நாள் அந்த முந்நூறு வரிக்குள்ளேயே பிழையைத் தேடினேன். தேவைப்பட்டதோ ஒரே வரி ஹூக்: தன் வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று 'டெஸ்ட்' கட்டளையால் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கோப்பில் எழுதுவது. அதை வைத்து ஒரு வெற்றுக் கமிட் செய்தால் 2.35 பதிப்பில் 'ஆம்', 2.36 பதிப்பில் 'இல்லை'. பைத்தானுக்கும் நிறத்துக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஸ்கிரிப்ட்டை எழுதும்போது இவற்றைக் கடைப்பிடியுங்கள். தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதற்குள் 'கிட் இனிட்' செய்யுங்கள். கிட் மூலநிரல் கோப்புறைக்குள் சோதனைக் களஞ்சியத்தை வைக்காதீர்கள், மேலே உள்ள களஞ்சியத்தைத் தன்னுடையது என்று கட்டளைகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. உங்கள் சொந்த அமைப்புகள் தலையிடாதவாறு 'ஹோம்' சூழல் மாறியை அந்தத் தற்காலிகக் கோப்புறைக்கே திருப்புங்கள். 'கிட் கான்ஃபிக் நோசிஸ்டம்' மாறியை 1 ஆக்குங்கள். அப்படிச் செய்தபின் பயனர் பெயரும் மின்னஞ்சலும் இல்லாமல் கமிட் மறுக்கப்படும் என்பதால் பொய்யான பெயர் ஒன்றையும் மின்னஞ்சல் ஒன்றையும் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இடுங்கள். எந்தக் கிட்டை ஓட்ட வேண்டும் என்பதை மாறியாக வெளியிலிருந்து கொடுக்கும்படி அமையுங்கள். 'கிட்' என்று நேரடியாக எழுதினால் நிறுவப்பட்டதே எப்போதும் ஓடும்.

முனையம் தொடர்பான பிழையாக இருந்தால் இன்னொரு நுட்பம் உண்டு. ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் எல்லாப் பதிப்புகளிலும் 'முனையம் இல்லை' என்றே வரும், நல்ல பதிப்பும் கெட்டதாகத் தோன்றும். லினக்ஸில் 'ஸ்கிரிப்ட்' என்ற பெயரிலேயே ஒரு கருவி உண்டு; அதற்குள் கட்டளையை ஓட்டினால் போலி முனையம் ஒன்று கிடைக்கும். மேக் கணினியில் அதே பெயருள்ள கருவிக்கு விருப்பங்கள் வேறு என்பதைக் கவனியுங்கள்.

எழுதி முடித்ததும், நல்ல பதிப்பில் ஐந்து முறையும் கெட்ட பதிப்பில் ஐந்து முறையும் ஓட்டிப் பாருங்கள். பத்தும் ஒத்துவர வேண்டும். ஒன்று மாறினாலும் அது நேரத்தையோ, கோப்புகளின் வரிசையையோ சார்ந்த பிழை. அப்போது ஸ்கிரிப்ட்டுக்குள் அதே சோதனையை இருபது முறை ஓட்டி, ஒரு முறை தோற்றாலும் கெட்டது என்று கணக்கிடும்படி மாற்றுங்கள்.

4. மூலநிரலைப் பெற்றுக் கட்டுங்கள் (இயங்கும் மென்பொருளாகத் தொகுங்கள்)

கிட் மூலநிரலை முழுமையாகக் குளோன் செய்யுங்கள். நேரம் மிச்சம் என்று 'டெப்த்' விருப்பத்தை இட்டால் வரலாறு வராது. வரலாறு இல்லாமல் தேட முடியாது. பதிப்புக் குறிச்சொற்களும் வந்திருக்கின்றனவா என்று 'கிட் டேக்' இட்டுப் பாருங்கள்.

உபுண்டுவில் சி தொகுப்பி, 'மேக்', மற்றும் ஸீலிப், கர்ல், எக்ஸ்பேட், ஓபன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகள் போதும். உங்கள் பிழைக்குத் தொடர்பில்லாத பகுதிகளை விட்டுவிடலாம். 'நோ கெட்டெக்ஸ்ட்', 'நோ டிசிஎல்டிகே' ஆகியவற்றை 1 ஆக்கினால் கட்டுவது விரைவாகும். 'டெவலப்பர்' அமைப்பை மட்டும் 1 ஆக்காதீர்கள்; அது எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும், புதிய தொகுப்பியில் பழைய கமிட்டுகள் கட்டப்படாமல் நின்றுவிடும்.

இங்கே மிகக் கூர்மையான பொறி ஒன்று உள்ளது. கட்டி முடித்ததும் கோப்புறையில் 'கிட்' என்ற இயங்குகோப்பு இருக்கும். அதை நேரடியாக ஓட்டினால், அதன் உட்கட்டளைகள் சிலவற்றை அது கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட இடத்தில் தேடும். அதாவது பாதி புதியது, பாதி பழையது. அதே கோப்புறையில் 'பின் ராப்பர்ஸ்' என்ற துணைக்கோப்புறை இருக்கிறது. அதற்குள் இருக்கும் 'கிட்'டை ஓட்டினால் எல்லாப் பகுதிகளும் நீங்கள் இப்போது கட்டியதிலிருந்தே வரும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் கொடுக்க வேண்டியது இந்தப் பாதையைத்தான்.

செலவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட் இலவசம், கருவிகள் அனைத்தும் இலவசம். அலுவலக மடிக்கணினியில் நிர்வாக உரிமை இல்லாதவர்களுக்கு மட்டும் சிறு செலவு உண்டு. எனக்கு அந்த உரிமை இல்லாததால், சிங்கப்பூர் வட்டாரத்தில் நான்கு சிபியு கருக்கள் உள்ள மேகக்கணினி ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தேன். மொத்தம் 5 வெள்ளிக்குள் முடிந்தது. இப்போது அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, வட்டுடன் சேர்த்து அழிக்க வேண்டும். நிறுத்தி வைத்த இயந்திரத்தின் வட்டுக்கும் மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அந்த இயந்திரத்தில் முதல் முறை கட்டச் சில நிமிடங்கள் ஆயின. அதன்பின் மாறிய கோப்புகள் மட்டுமே கட்டப்பட்டதால் ஒவ்வொரு முறையும் அதைவிடக் குறைவு.

5. பைசெக்ட் ஓட்டுங்கள்

'கிட் பைசெக்ட்' செய்வது, அகராதியில் சொல் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து முன்னா, பின்னா என்று பார்ப்பது போன்ற தேடல்தான். நல்லது ஒன்றையும் கெட்டது ஒன்றையும் சொன்னால், நடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும். நீங்கள் சோதித்துச் சொன்னதும் பாதியை ஒதுக்கிவிடும். இடையில் ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் முடிந்துவிடும்.

முனைகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 2.35.2 போன்ற திருத்தப் பதிப்புகள் முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்த பராமரிப்புக் கிளையில் வெளியானவை. அத்தகைய ஒன்றை நல்லது என்று கொடுத்தால், இரண்டும் பிரிந்த இடத்தை முதலில் சோதிக்கும்படி பைசெக்ட் கேட்கும். குழப்பமின்றி இருக்க, கடைசி எண் சுழியமாக உள்ள பதிப்புகளை, என் வழக்கில் 2.35.0, 2.36.0 ஆகியவற்றை, இரு முனைகளாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டையும் நீங்களே கட்டி, உங்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, நல்லது நல்லதாகவும் கெட்டது கெட்டதாகவும் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். லினக்ஸ் விநியோகத் தொகுப்பில் வந்த கிட்டில் தெரிந்த பிழை, நீங்களே கட்டியதில் தெரியாவிட்டால், குறை தொகுப்பை உருவாக்கியவர்கள் சேர்த்த ஒட்டுத்திருத்தத்தில் இருக்கலாம். அப்போது தெரிவிக்க வேண்டிய இடமே வேறு.

வரிசை இது. 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' என்று தொடங்கி, முதலில் கெட்ட பதிப்பின் குறிச்சொல்லையும் அடுத்து நல்லதன் குறிச்சொல்லையும் அதே வரியில் கொடுங்கள். பிறகு 'கிட் பைசெக்ட் ரன்' என்று இட்டு உங்கள் ஸ்கிரிப்ட்டின் பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் முதலில் 'மேக்' ஓட்டிக் கட்ட வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் தரும் முடிவு எண்ணைத்தான் பைசெக்ட் நம்புகிறது. சுழியம் என்றால் நல்லது. 1 முதல் 127 வரை எது வந்தாலும் கெட்டது. 125 மட்டும் விதிவிலக்கு, அது இந்தக் கமிட்டைச் சோதிக்க இயலவில்லை, விட்டுவிடு என்று பொருள். 128ம் அதற்கு மேலும் வந்தால் தேடலே நின்றுவிடும். 'மேக்' தோற்றால் கண்டிப்பாக 125 தருமாறு எழுதுங்கள். அதை எழுத மறந்தால், கட்ட முடியாத கமிட் எல்லாம் கெட்டதாகக் கணக்கில் சேரும். தேடல் தடுமாறாமல், தயங்காமல், முற்றிலும் தவறான ஒரு கமிட்டை உங்கள் கையில் தரும். என் மூன்றாம் நாள் அப்படித்தான் போயிற்று. ஸ்கிரிப்ட்டில் ஒரு பாதையைத் தவறாக எழுதியிருந்ததால் 127 வந்துகொண்டிருந்தது; கட்டளையே கிடைக்கவில்லை என்பதற்கு ஷெல் தரும் எண் அது. பைசெக்ட் அதையும் கெட்டது என்றே எடுத்துக்கொண்டது.

ஸ்கிரிப்ட்டை மூலநிரல் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். இடையில் கட்டுமானம் குழம்பி, மீதிக் கோப்புகளை எல்லாம் துடைக்க 'கிட் கிளீன்' இட்டால், உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட்டும் சேர்ந்து போய்விடும்.

முடிந்ததும் உடனே 'கிட் பைசெக்ட் லாக்' வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள். 'ரீசெட்' செய்தபின் அது கிடைக்காது. அந்தப் பதிவு இருந்தால், இடையில் ஒரு தீர்ப்பு தவறு என்று பின்னர் தெரிந்தாலும், அந்த வரியை மட்டும் திருத்தி 'ரீபிளே' கட்டளையால் மீதியை மீட்டெடுக்கலாம்.

6. கிடைத்த கமிட்டை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

முதல் கெட்ட கமிட் இது என்று பைசெக்ட் சொன்னதும் தெரிவிக்க ஓடாதீர்கள். அந்தக் கமிட்டையும் அதன் பெற்றோரையும் (அதற்கு நேர் முந்தைய கமிட்டையும்) தனித்தனியே, முழுதும் துடைத்துவிட்டுக் கட்டி, இரண்டிலும் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். முடிந்தால் கெட்ட பதிப்பின்மேல் அந்தக் கமிட்டை மட்டும் 'ரிவர்ட்' செய்து பாருங்கள்; மோதல் வந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது, ப்ரீ-கமிட் ஹூக்கை இயக்கும் பகுதியைப் புதிய பொதுக் கட்டமைப்புக்கு மாற்றிய கமிட். அதில் இருந்த தேதி 2021 டிசம்பர். 2.35.0 பதிப்போ 2022 ஜனவரியில் வெளியானது. ஜனவரிப் பதிப்பு நன்றாக இருக்கையில் டிசம்பர் கமிட் எப்படிக் காரணமாகும் என்று நினைத்து அந்த முடிவை ஒதுக்கிவிட்டேன். அதனால் மேலும் அரை நாள் இழந்தேன். கமிட்டில் இருப்பது அதை எழுதிய தேதி. முதன்மைக் கிளையில் அது சேர்ந்தது பல வாரங்களுக்குப் பிறகு. ஒரு கமிட் எந்தப் பதிப்பில் முதலில் வந்தது என்பதைத் தேதியால் அறிய முயலாமல், 'கிட் டேக்' கட்டளையை 'கன்டெய்ன்ஸ்' விருப்பத்துடன் இட்டுக் கேளுங்கள்.

அடுத்து, இன்றைய 'மாஸ்டர்', 'நெக்ஸ்ட்' கிளைகளைக் கட்டி ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். அங்கே பிழை இல்லையென்றால் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே.

7. தெரிவியுங்கள்

கிட் திட்டத்தில் பிழைகள் மின்னஞ்சல் குழுவில்தான் தெரிவிக்கப்படுகின்றன. பழைய மடல்கள் அனைத்தும் லினக்ஸ் கர்னல் திட்டத்தின் லோர் என்னும் மடல் காப்பகத்தில் தேடக் கிடைக்கும். முதலில் அங்கே தேடுங்கள். உங்கள் அறிகுறியைக் கொண்டு தேடினால் கிடைக்காமல் போகலாம். கமிட்டின் தலைப்பு வரியைக் கொண்டு தேடுங்கள். நான் கமிட்டின் பெயரைக் கொண்டு தேடியபோதுதான், நான் நான்கு நாள் தேடிய அதே பிழையை ஏற்கெனவே ஒருவர் தெரிவித்திருந்தது தெரிந்தது. அந்த ஜூன் மாதம் வெளியான 2.37 பதிப்பின் குறிப்பில், ஹூக்கின் வெளியீடு முனையத்தோடு நேரடியாக இணைக்கப்படாமல் போனது சரிசெய்யப்பட்டதாக ஒரு பத்தி இருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டை என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் பொதுக் குழுவுக்கு எழுதாதீர்கள். அதற்கென்று தனி முகவரி உண்டு. மூலநிரலில் உள்ள 'செக்யூரிட்டி' கோப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது.

புதிய பிழைதான் என்றால், 'கிட் பக்ரிப்போர்ட்' கட்டளையை இடுங்கள், 2.27 பதிப்பிலிருந்து இது உண்டு. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்ற கேள்விகளோடு ஓர் உரைக்கோப்பைத் திறக்கும். கீழே கணினி விவரமும், இயக்கத்தில் உள்ள ஹூக்குகளின் பெயர்ப் பட்டியலும் தானாகச் சேரும். அனுப்புமுன் அந்தக் கீழ்ப்பகுதியைக் கட்டாயம் படியுங்கள். அதை அலுவலகக் களஞ்சியத்தில் அல்லாமல் உங்கள் சோதனைக் களஞ்சியத்தில் ஓட்டுவது இன்னும் நல்லது. 'டயக்னோஸ்' விருப்பத்தை 'ஆல்' என்று இட்டால் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பும் பதிவுகளும் பொதியில் சேர்ந்துவிடும். அலுவலகக் களஞ்சியத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மடல் வெறும் உரையாக இருக்க வேண்டும். நிறமும் தடித்த எழுத்தும் கொண்ட மடலைக் குழுவின் சேவையகம் ஏற்காது. உங்களுக்குத் தெரியாமலே காணாமல் போகக்கூடும். ஆகவே அனுப்பியபின் காப்பகத்தில் உங்கள் மடல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழுவில் உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. பதிலளிப்பவர்கள் 'அனைவருக்கும் பதில்' என்றே அனுப்புவார்கள், நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கமிட்டை எழுதியவருக்கும் படி அனுப்புங்கள். முதல் பத்தியிலேயே நல்ல பதிப்பு, கெட்ட பதிப்பு, பைசெக்ட் காட்டிய கமிட் மூன்றும் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டை இணைப்பாக அல்லாமல் மடலின் உடலிலேயே ஒட்டுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

நேரக் கணக்கு இதில் உதவும். சிங்கப்பூரில் பிற்பகல் 3 மணி, கோடைக்காலத்தில் ஜெர்மனியில் காலை 9 மணி. கலிபோர்னியாவில் காலை 9 மணி ஆகும்போது இங்கே நள்ளிரவு. பிற்பகலில் அனுப்பினால் ஐரோப்பியர் கண்ணில் அன்றே படும், கேள்விகள் நீங்கள் மறுநாள் எழும்போது காத்திருக்கும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அதே இழையில் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

திருத்தத்தையும் நீங்களே எழுதி அனுப்ப விரும்பினால், அந்த நிரலை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் 'சைன்டு ஆஃப் பை' வரியை இட வேண்டும். வேலைநேரத்தில் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கக்கூடும். எனவே இதற்கு எழுத்துமூலம் தனி ஒப்புதல் வாங்குங்கள். பிழை தெரிவிக்கப் பெற்ற ஒப்புதல் இதற்குப் போதாது.

8. திருத்தம் வரும்வரை

அலுவலகம் காத்திருக்காது. பழைய பதிப்பை உங்கள் இல்லக் கோப்புறையில் 'பிரிஃபிக்ஸ்' இட்டு நிறுவிக்கொள்ள நிர்வாக உரிமை தேவையில்லை. உபுண்டு, டெபியன் இயந்திரங்களில் 'ஆப்ட் மார்க் ஹோல்ட்' இட்டுப் பதிப்பைப் பூட்டிவைக்கலாம். ஆனால் பூட்டிய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. பூட்டும் அன்றே, எதற்காக, எந்தப் பதிப்பு வந்ததும் திறக்க வேண்டும், யார் பொறுப்பு என்று குழுவின் பணிப்பட்டியலில் எழுதிவிடுங்கள். கிட் பெரும் பதிப்புகள் பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒன்று வெளிவருகின்றன. அந்த அளவுக்குக் காத்திருக்கத் திட்டமிடுங்கள்.

நாங்கள் ஹூக்கையே மாற்றினோம். முனையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, கட்டுமான இயந்திரத்தில் மட்டும் நாங்கள் இடும் ஒரு சூழல் மாறி இருக்கிறதா என்று பார்க்கும்படி செய்தோம். அந்த ஒரு வாரத்தில் சோதனையின்றி உள்ளே போன கமிட்டுகள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றின்மீதும் சோதனையைக் கையால் ஓட்டினோம். இதைத் தள்ளிப்போட வேண்டாம். உடைந்திருந்த காலத்தில் உள்ளே போனவை தாமாகச் சரியாவதில்லை.

திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் அதைக் கட்டி, உங்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, சரியாகிவிட்டது என்று அதே இழையில் ஒரு வரி எழுதுங்கள். பதிப்பு வெளியானதும் பூட்டைத் திறந்து, மேகக்கணினி இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள்.